செக்மெத் வழிபாடு: சினம் தணிக்க உண்மையில் என்ன செய்தார்கள்?

நெய்தல்வாசன் | பதிவு 1

பழைய எகிப்தின் சிங்கத்தலைத் தெய்வம் செக்மெத்தைப் பற்றித் தமிழில் தேடினால் ஒரே கதைதான் வருகிறது. மனிதர்களைக் கொல்ல வந்தாள், சிவப்பாக்கிய பீரை ரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கினாள், மிச்ச மக்கள் பிழைத்தார்கள். அதோடு "ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. கதை எந்த மூலத்தில் இருக்கிறது, அதில் என்னதான் சொல்லியிருக்கிறது? விழா எந்த நாளில் நடந்தது? கோயிலுக்குள் பூசகர் என்ன செய்தார்? கொள்ளைநோய்க்கும் இவளுக்கும் என்ன தொடர்பு? எகிப்திய அரசன் மூன்றாம் அமென்ஹோதெப் எதற்காக இவளுக்கு இத்தனை நூறு சிலைகள் செய்தான்? அவரவருக்குத் தெரிந்த பகுதியைச் செய்முறையோடு எழுதுங்கள். "பெண் சக்தியின் வடிவம்" வகை விளக்கங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, அவை வேண்டாம்.

கல்வெட்டு_மங்கை | பதிவு 2

மூலத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கதை வருவது "வானப் பசுவின் நூல்" என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்த நூலில். இன்று கையில் இருப்பவற்றில் பழைய பிரதி துத்தன்காமன் கல்லறையில் கிடைத்தது. சவப்பெட்டிகளைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பொன் பூசிய மரக்கூண்டுகள் இருந்தன அல்லவா, அவற்றில் வெளிக்கூண்டின் உட்பக்கம். அதற்குப் பிறகு முதலாம் சேத்தி, இரண்டாம் ராமேசஸ், மூன்றாம் ராமேசஸ் கல்லறைகளின் பக்க அறைகளில் எழுதியிருக்கிறார்கள். ஆக, இது இறந்த அரசனுக்காகக் கல்லறைக்குள் வைத்த நூல். கோயில் வாசலில் மக்கள் கேட்ட தலபுராணம் என்று எடுத்துக்கொண்டால் தொடக்கமே தவறிப்போகும்.

கதையில் சூரியத் தெய்வமான ரா முதுமை அடைந்துவிட்டான். எலும்பு வெள்ளி, சதை பொன், முடி நீலக்கல் என்று வருகிறது. மனிதர்கள் அவனுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். அவன் ஷூ, தெஃப்னுத், கெப், நூத், ஆதிநீரான நூன் எல்லோரையும் கூட்டி யோசனை கேட்கிறான். மனிதர்களுக்குத் தெரியாமல் கூட்ட வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. "உன் கண்ணை அனுப்பு" என்கிறார்கள். கண், அன்புக்கும் இசைக்கும் உரிய தெய்வமான ஹாத்தோராக இறங்குகிறது. பாலைவனத்துக்கு ஓடியவர்களைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருகிறாள். செக்மெத் என்ற பெயர் இந்த இடத்தில்தான் வருகிறது, அனுப்பும்போது இல்லை. முதலிலிருந்தே செக்மெத் என்று எழுதும் கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன. அமைதியான முகமும் கொல்லும் முகமும் ஒருத்திக்கே உரியவை என்பதுதான் இந்த வழிபாடு முழுவதற்கும் அடித்தளம். கொல்கிறவளை வேறொரு தெய்வத்தைக் கொண்டு அடக்கவில்லை. அவளையே முதல் முகத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

மீதியும் சொல்லிவிடுகிறேன். ரா மனம் மாறி, வேகமாக ஓடும் தூதர்களைத் தெற்கே எலிஃபன்டைன் தீவுக்கு அனுப்பி "திதி" என்ற பொருளை நிறையக் கொண்டுவரச் சொல்கிறான். ஹீலியோபோலிஸில் பக்கச்சடை வைத்த பூசகர் அதை அரைக்கிறார். பணிப்பெண்கள் பார்லி இடித்துப் பீர் ஆக்குகிறார்கள். இரண்டும் கலந்தால் மனித ரத்த நிறம். மொத்தம் 7000 சாடி. விடியும் முன்பே வயல்களில் மூன்று உள்ளங்கை உயரத்துக்கு ஊற்றுகிறார்கள். காலையில் வந்தவள் தன் முகம் அதில் அழகாகத் தெரிவதைப் பார்த்துக் குடிக்கிறாள், மனிதர்களை அடையாளம் தெரியாமல் திரும்பிப்போகிறாள். ரா அவளை அமைதியோடு வரவேற்கிறான். இனி ஆண்டு விழாக்களில் இவளுக்கு உறக்கம் தரும் பானம் செய்ய வேண்டும், அதைப் பணிப்பெண்களே செய்ய வேண்டும் என்றும் ஆணையிடுகிறான். நெய்தல்வாசன் கேட்ட விழாவுக்கு நூலிலேயே இருக்கும் ஆதாரம் இந்த வரிதான்.

அந்த "திதி" பற்றி மண்பானை ஐயா எழுதினால் நன்றாயிருக்கும்.

மண்பானை | பதிவு 3

எழுதுகிறேன் அம்மா. இந்த ஒரு பொருளால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் திதியை மாண்ட்ரேக் என்ற மயக்கம் தரும் செடியாக எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் "பீரில் மயக்க மருந்து கலந்தார்கள்" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். நூலைப் படித்தால் அது பொருந்தாது. ஒன்று, திதி எலிஃபன்டைன் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே கிடைப்பது இரும்புக் கனிமம். இரண்டு, அதை அரைத்துச் சேர்ப்பது நிறத்துக்காக என்று நூலே சொல்கிறது. மாண்ட்ரேக் பழம் மஞ்சள், அதை அரைத்தால் ரத்த நிறம் வராது. இப்போது பெரும்பாலோர் ஏற்பது ஹெமடைட் அல்லது செங்காவி. மாதுளைச் சாறு என்று எழுதுபவர்களும் உண்டு, மூலத்தில் மாதுளையே இல்லை. அவளை மயக்கியது பீர் மட்டும்தான்.

காவி நீரில் கரையாது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் துகள் மிதந்து நிற்கும், பிறகு அடியில் படியும். தெளிந்த பானத்தில் கலந்தால் சிறிது நேரத்தில் மேலே நிறம் வெளுத்து, கீழே சிவப்பு வண்டல்தான் நிற்கும். எகிப்தியப் பீர் நம் கடைப் பாட்டில் பீர் போலத் தெளிவானதல்ல, மாவுச்சத்து மிதக்கும் கனமான பானம். அதில் துகள் சீக்கிரம் இறங்காது. நூலும் காவியை மாவுக் கலவையோடுதான் சேர்க்கச் சொல்கிறது. விடியும் முன் ஊற்றி, காலையிலேயே அவள் வருவதாகக் கதை அமைந்திருப்பதும் இதற்கு ஒத்துவருகிறது.

பீர் செய்த விதம். அரைவேக்காட்டு ரொட்டியை நீரில் பிய்த்துப் போட்டுப் புளிக்கவைத்தார்கள் என்பது பழைய விளக்கம். 1990களில் டெல்வென் சாமுவேல் அமர்னாவிலும் தெய்ர் எல் மெதினாவிலும் கிடைத்த பானைகளின் அடிப்படிவை மின்னணு நுண்நோக்கியில் பார்த்தார். மாவுத் துகள்களில் இரண்டு விதமான மாற்றம் தெரிந்தது. தானியத்தை முளைகட்டி உலர்த்தி இடித்து, குளிர்ந்த நீரில் ஒரு பங்கு. முளைகட்டியதோ சாதாரணமோ, இன்னொரு பங்கைச் சூட்டில் வேகவைப்பது. இரண்டையும் சேர்த்தால் முதல் பங்கிலுள்ள நொதி, வெந்த பங்கின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். பிறகு வடிகட்டி, உமியை நீக்கிப் புளிக்கவிடுவது. இரண்டையுமே கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும், இனிப்பும் ஏறாது, புளிப்பும் சரியாக வராது. இரண்டையுமே பச்சையாக விட்டால் மாவுச்சத்து முழுதாக உடையாது. இரு பங்காகப் பிரித்ததற்குக் காரணம் அதுதான். தானியம் பார்லியும் எம்மர் கோதுமையும்.

நெய்தல்வாசன் | பதிவு 4

7000 சாடி என்பது கணக்கா, அல்லது சும்மா "நிறைய" என்பதா?

மண்பானை | பதிவு 5

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். எகிப்திய உள்ளங்கை அளவு ஏறத்தாழ 7.5 செ.மீ. மூன்று என்றால் 22.5 செ.மீ. சாடிக்கு 10 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 70,000 லிட்டர், அதாவது 70 கன மீட்டர். அதை 22.5 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால் சுமார் 311 சதுர மீட்டர்தான் நனையும். பெரிய வீட்டு மனை அளவு. வயல்வெளி மூழ்காது. ஆக எண் சடங்கு எண்தான். ஏழு இந்தத் தெய்வத்தோடு எப்போதும் ஒட்டிவருவது: ஏழு ஹாத்தோர்கள், செக்மெத்தின் ஏழு அம்புகள். அதை ஆயிரத்தால் பெருக்கியிருக்கிறார்கள்.

பஞ்சாங்கன் | பதிவு 6

சிவந்த பீர் என்பது நைல் வெள்ளத்தின் உருவகம் என்று பலர் எழுதுகிறார்கள். எத்தியோப்பிய மலைகளிலிருந்து நீல நைலும் அத்பாராவும் கொண்டுவரும் செம்பழுப்பு வண்டலோடு வெள்ளம் வரும். வயலில் நிற்கும், விடியலில் மின்னும். எனக்கும் இது நியாயமாகவே படுகிறது. ஆனால் நாளைச் சரிபார்க்காமல் சொல்லக்கூடாது.

எகிப்திய ஆண்டு: 30 நாள் கொண்ட 12 மாதம், கடைசியில் 5 கூடுதல் நாள். மொத்தம் 365. நெட்டாண்டு இல்லை. அதனால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நாட்காட்டி பருவத்தை விட்டு விலகும். ஆண்டுப் பிறப்பு மறுபடி சிரியஸ் விண்மீன் விடியலில் எழும் நாளோடு சேர ஏறத்தாழ 1460 ஆண்டு ஆகும். கி.பி. 139இல் அப்படிச் சேர்ந்ததாக ரோமானிய எழுத்தாளர் சென்சோரினுஸ் பதிவு செய்திருக்கிறார். பின்னோக்கிப் போனால் கி.மு. 1320 வாக்கில் முந்திய சேர்க்கை.

இப்போது பாருங்கள். துத்தன்காமன் இறந்தது கி.மு. 1320களில். மூன்றாம் அமென்ஹோதெப் ஆண்டது கி.மு. 1390 முதல் 1352 வரை என்று வைத்தால், அவன் கடைசிக் காலத்தில் விலகல் பத்து நாளை ஒட்டித்தான். நூல் நம் கைக்கு வரும் காலமும் சிலைகள் செதுக்கிய காலமும், நாட்காட்டியின் ஆண்டு முடிவும் இயற்கையின் ஆண்டு முடிவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்த காலம். நைல் வற்றி, வெயில் கொடுமை உச்சத்தில், நோய் பரவும் நாட்கள், பின்னால் வெள்ளம். அந்தத் தலைமுறைக்கு இந்தக் கதை கண்முன்னே நடந்திருக்கும். முந்நூறு ஆண்டு கழித்து அப்படியல்ல. நாட்காட்டியின் ஆபத்து நாட்கள் பருவத்தில் வேறெங்கோ விழும், ஆனாலும் சடங்கை நாட்காட்டிப்படியே செய்தார்கள். எனவே வெள்ளம் என்ற விளக்கம் ஒரு காலத்துக்குச் சரி. "எப்போதும் அதுதான் பொருள்" என்றால் உதைக்கும்.

இன்னொன்று. ஆண்டிறுதியின் 5 நாள் வேறு, குடித்து மயங்கி இவளைக் கொண்டாடும் போதைத் திருவிழா வேறு. ஐந்து நாட்களும் முறையே ஒசைரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெஃப்திஸ் பிறந்த நாட்கள். அந்த நாட்களில் செக்மெத்தின் தூதர்கள் நோய் சுமந்து திரிவார்கள் என்று அஞ்சினார்கள். போதைத் திருவிழா தோத் மாதம் 20ஆம் நாள், அதாவது ஆண்டு பிறந்து இருபதாம் நாள். இரண்டையும் சேர்த்து "புத்தாண்டில் குடித்தார்கள்" என்று எழுதுவதுதான் இணையத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஆபத்தைக் கடந்து, அதற்குப் பிறகே கொண்டாட்டம். இந்த வரிசை மாறினால் சடங்குக்கே பொருளில்லை.

கல்வெட்டு_மங்கை | பதிவு 7

பஞ்சாங்கன் சொன்ன வரிசை மிகச் சரி. போதைத் திருவிழாவுக்குக் கட்டடச் சான்றும் உண்டு. கர்னாக்கின் தெற்கே மூத் தெய்வத்தின் கோயில் வளாகத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெட்ஸி பிரையன் குழு தோண்டியபோது, பின்னாளில் அடித்தளத்துக்குப் பயன்படுத்திவிட்ட தூண் உருளைகள் கிடைத்தன. ஹட்செப்சுட் அரசி எழுப்பிய "போதை மண்டபம்" என்று அவற்றில் எழுதியிருந்தது. கி.மு. 15ஆம் நூற்றாண்டு. இந்தக் கோயில்களின் பாடல்களைக் கொண்டு பார்த்தால் நிகழ்ச்சி இப்படி: இரவில் கூடிக் குடிக்கிறார்கள், பாட்டும் ஆட்டமும், மயங்கி அங்கேயே உறங்குகிறார்கள், விடியலில் பறை கொட்டி எழுப்பியதும் தெய்வத்தின் உருவைக் காண்கிறார்கள். கேளிக்கைக்காகக் குடித்தார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. கதையில் தெய்வத்துக்கு நடந்ததை மக்கள் தம் உடம்பில் நடத்திக்காட்டுகிறார்கள்.

மூத் கோயிலில் இது நடப்பது ஏன் என்று கேட்பீர்கள். மூத், செக்மெத், ஹாத்தோர், தெஃப்னுத், பாஸ்தெத் எல்லோரும் "ராவின் கண்" என்ற ஒரே பதவியில் வருகிறவர்கள். பிலே தீவுக் கோயிலில் ஒரு வாசகம் உண்டு: சினந்தால் செக்மெத், மகிழ்ந்தால் பாஸ்தெத். அந்தக் கோயில் சார்ந்த கதையில் தெஃப்னுத் கோபித்துக்கொண்டு நூபியாவுக்குப் போய்விடுகிறாள். ஷூவும் தோத்தும் போய்ச் சமாதானம் பேசி அழைத்துவருகிறார்கள். வரும் வழியில் நைலின் முதல் அருவிப் பகுதியின் நீரில் சூடு தணிகிறது. மூத் கோயிலின் ஏரி கோயிலை மூன்று பக்கம் குதிரைலாடம் போலச் சூழ்ந்திருக்கும். அந்த வடிவ ஏரிக்கு இஷேரு என்று பெயர். பெண்சிங்கத் தெய்வங்களின் கோயில்களுக்கே உரியது. தணிக்க நீர் அருகிலேயே வேண்டும்.

தணிக்கும் கருவிகள் மூன்று. சிஸ்ட்ரம் என்ற கிலுக்கு: கைப்பிடி, அதன் தலையில் ஹாத்தோர் முகம், மேலே உலோக வளையம் அல்லது சிறு மாடம், குறுக்கே தளர்வான கம்பிகள். ஆட்டினால் பாப்பிரஸ் புதர் சலசலப்பது போன்ற ஓசை. அடுத்தது மெனத்: பல சரம் மணிமாலை, பின்கழுத்தில் தொங்கும் எடைத்துண்டு. அதைக் கையில் பிடித்துக் குலுக்குவார்கள். மூன்றாவது பானம். தெந்தேராவிலும் எட்ஃபூவிலும் அரசன் இந்த மூன்றையும் நீட்டும் காட்சிகள் சுவர் நெடுக வருகின்றன.

மூலிகைச்செல்வி | பதிவு 8

நோய்ப் பகுதி என்னுடையது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செக்மெத்தின் வப் பூசகர்கள் என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். வப் என்றால் தூய்மைப் பூசகர். கி.மு. 1550 வாக்கில் எழுதிய எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுருளில் நாடி பார்ப்பது பற்றிய பகுதி, "எந்த மருத்துவரும், செக்மெத்தின் எந்தப் பூசகரும், எந்த மந்திரக்காரரும்" நோயாளியின் உடலில் கைவைத்தால் இதயத்தின் இயக்கத்தை உணரலாம் என்கிறது. மூவரையும் ஒரே வரிசையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். மருத்துவர், செக்மெத் பூசகர் ஆகிய இரு பட்டங்களையும் ஒருவரே வைத்திருந்ததாகவும் கல்வெட்டுகள் உண்டு. ஆனால் "செக்மெத் பூசகர் எல்லோரும் அறுவை மருத்துவர்கள்" என்ற பரவலான கூற்றுக்கு ஆதாரம் இல்லை. அவர்களது இன்னொரு வேலை பலிக்கு வந்த மாடு தூய்மையானதா என்று பார்ப்பது. பழைய அரசுக் காலக் கல்லறைச் சித்திரங்களில் கசாப்புக்காரர் ரத்தம் தோய்ந்த கையை நீட்ட, பூசகர் அதை முகர்ந்து பார்த்துத் தூய்மை என்று சொல்லும் காட்சி வருகிறது. நோயை அனுப்புகிறவளின் பூசகருக்குத்தான் நோயின் அடையாளம் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற இன்னொரு மருத்துவச் சுருள் என்றதும் முன்பக்கத்திலுள்ள 48 காயங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். புரட்டிப் பாருங்கள், பின்பக்கத்தில் "ஆண்டின் கொள்ளைநோய்"க்கு எதிரான மந்திரங்கள் எட்டு இருக்கின்றன. ஒன்றில், தெஸ் என்ற மரத்தின் குச்சியைக் கையில் பிடித்து மந்திரம் சொல்லியபடி வெளியே வந்து தன் வீட்டைச் சுற்றிவர வேண்டும். இன்னொன்றில் கழுகின் இறகுகளால் தன்னைத் தடவிக்கொள்ள வேண்டும், போகுமிடமெல்லாம் அவை காப்பு. இவை கோயிலில் செய்பவையல்ல, வீட்டில் செய்பவை.

அந்த 5 நாளுக்கென்றே ஒரு நூல் லைடன் அருங்காட்சியகப் பாப்பிரஸில் இருக்கிறது, "ஆண்டின் கடைசி நாளின் நூல்". செய்முறை: மெல்லிய லினன் துணித்துண்டு ஒன்றில், மந்திரத்தில் பெயர் வரும் தெய்வங்களின் உருவத்தை வரைய வேண்டும். துணியில் 12 முடிச்சு போட வேண்டும். அந்த உருவங்களுக்கு ரொட்டி, பீர் படைத்துத் தூபம் காட்ட வேண்டும். பிறகு கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். 12 என்பது மாதங்களைக் குறிக்கும் என்று தோன்றுகிறது, ஆண்டு முழுவதையும் முடிந்துவைப்பது போல. மந்திரம் செக்மெத்தையும் அவளுக்குப் பின்னால் வரும் தூதர்களையும் நேராகவே விளித்துப் பேசுகிறது. உருவங்களுக்குப் படையலும் தூபமும் கொடுத்த பிறகே துணி கழுத்துக்குப் போகிறது. படைக்காமல் கட்டிக்கொண்டால் அது வெறும் துணிதான்.

நெய்தல்வாசன் | பதிவு 9

அப்படியானால் தூதர்களை விரட்டும் மந்திரம், ஆனால் அவளை விரட்டுவதில்லை, சரியா?

மூலிகைச்செல்வி | பதிவு 10

சரியாகப் பிடித்தீர்கள். தூதர்கள், திரிபவர்கள், கழுத்தறுப்பவர்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பெயர் உண்டு. அவர்களை "என்னைத் தொடாதே, தாண்டிப் போ" என்று தடுக்கலாம். அவளை அப்படிச் சொல்ல முடியாது. அம்பு அவளுடையது, அதைத் திரும்பப் பெறுவதும் அவள் ஒருத்தியால்தான் முடியும். அதனால்தான் எட்ஃபூ கோயிலில் இருப்பது போன்ற நீண்ட பெயர்வரிசைப் பாடல்கள். அவளுடைய ஒவ்வொரு பெயரையும் ஊரையும் சொல்லி அழைத்து, ஒவ்வொன்றிலும் அரசனைக் காக்கும்படி கேட்பது. ஒரு பெயர் விடுபட்டால் அந்தத் திசையில் காப்பு இல்லை.

சினுஹே கதையில் அரசனுக்குப் பிற நாடுகள் அஞ்சுவதை "கொள்ளைநோய் ஆண்டில் செக்மெத்துக்கு அஞ்சுவது போல" என்று சொல்லியிருக்கும். அந்த அரசனைப் பழிக்க எழுதியதல்ல, புகழ்ந்து எழுதியது.

கருவறைவாயில் | பதிவு 11

தினசரிப் பூசை பற்றி யாரும் எழுதவில்லை. செக்மெத்துக்கென்று தனியாக முழு நூல் கிடைக்காவிட்டாலும், அமூனுக்கான தினசரிச் சடங்கு பெர்லின் பாப்பிரஸ் 3055இல் 66 பகுதிகளாக இருக்கிறது. மூத்துக்கான இணைநூலும் பெர்லினில்தான். அபிதோஸில் முதலாம் சேத்தி கோயிலின் சந்நிதிச் சுவர்களில் அதே சடங்கு சித்திரமாக இருக்கிறது. எல்லாத் தெய்வத்துக்கும் சட்டகம் ஒன்றே.

பூசகர் முதலில் தன்னைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். உடம்பு முழுதும் மழித்திருக்க வேண்டும், பகலில் இரண்டு முறையும் இரவில் இரண்டு முறையும் குளிர்நீரில் குளிக்க வேண்டும், லினன் உடை, பாப்பிரஸ் செருப்பு. இது ஹெரடோட்டஸ் சொல்வது. கம்பளி கூடாது. வானப் பசுவின் நூலே அதை ஓதுகிறவருக்கு இன்னும் கடுமையான விதி வைக்கிறது: வெள்ளநீரில் குளித்து, எண்ணெய் பூசி, வாயில் நேட்ரான் என்ற சோடா உப்பு உருண்டை, காதின் பின்புறமும் நேட்ரானால் தூய்மை, இரண்டு புது லினன் ஆடை, வெள்ளைச் செருப்பு, கையில் தூபக்கால், நாக்கில் எழுத்தரின் பச்சை மையால் உண்மையின் தெய்வமான மாத்தின் உருவம். நாக்கில் உண்மையை எழுதிக்கொண்டுதான் அந்தச் சொற்களைச் சொல்லலாம்.

பிறகு விடியலில் சந்நிதி. கயிற்றிலுள்ள களிமண் முத்திரையை உடைத்து, தாழ்ப்பாளை இழுத்து, கதவு திறந்ததும் தரையில் விழுந்து முத்தமிடுவது. தூபம், துதி. முந்தைய நாள் பூச்சையும் ஆடையையும் நீக்குவது. நீர், நேட்ரான்: எல் கப் ஊரிலிருந்து 5 உருண்டை, வடக்கே வாதி நத்ரூனிலிருந்து 5. தெற்கும் வடக்கும் சமமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் குறையக்கூடாது. வெள்ளை, பச்சை, சிவப்புத் துணிகள் வரிசையாக. மெஜெத் என்ற வாசனைப் பூச்சை நெற்றியில் சுண்டுவிரலால் இடுவது. கண்ணுக்குப் பச்சை மையும் கருப்பு மையும். படையல். கடைசியில் கதவை மூடி முத்திரையிட்டு, பின்னோக்கி நடந்தபடி தன் காலடித் தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே வெளியேறுவது.

படைத்த உணவு பிறகு பூசகர்களுக்கே போகும், அதுதான் அவர்கள் சம்பளம். நான்கு அணியாகப் பிரிந்து, அணிக்கு ஒரு மாதம் வீதம் முறைவைத்துப் பணி. மீதி நாட்களில் ஊரில் சொந்த வேலை.

கருங்கல்தச்சன் | பதிவு 12

சிலைகளுக்கு வருகிறேன். கல் அசுவான் பகுதியின் கிரானோடயோரைட். பல அருங்காட்சியகச் சீட்டுகளில் கருங்கிரானைட், டயோரைட் என்றெல்லாம் எழுதியிருக்கும், கல் அதேதான். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இரும்பு உளி இல்லை. செம்பும் வெண்கலமும் இந்தக் கல்லில் மழுங்கிவிடும். டோலரைட் உருண்டையால் தட்டித் தட்டி உருவாக்கி, மணல் கொண்டு தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதனால்தான் உடலோடு கை ஒட்டியிருக்கும், கால்களுக்கிடையே கல்லை எடுத்திருக்க மாட்டார்கள். மெல்லிய பகுதி ஒன்றே ஒன்று, தலைமேலுள்ள சூரிய வட்டு. உடைவதும் அதுதான். வட்டு இல்லாத சிலையைப் பார்த்து "வட்டில்லாத வகை" என்று முடிவுகட்டாதீர்கள், உச்சந்தலையில் உடைந்த தடமோ பொருத்துக் குழியோ இருக்கும்.

இரண்டு வகை. உட்கார்ந்தவை சுமார் 2 மீட்டர் உயரம், கையில் உயிரைக் குறிக்கும் அங்க் சின்னம் தொடைமேல். நின்றவை இடக்கையில் பாப்பிரஸ் தண்டுக் கோல். அரியணையின் முன்பக்கம் காலுக்கு இருபுறமும் அரசன் பெயர், "செக்மெத்தால் விரும்பப்படுபவன்" என்ற வாசகம். செக்மெத்தின் அடைமொழி சிலைக்குச் சிலை மாறும். அதை வைத்துத்தான் ழான் யொயோத் 1980இல் இது கல்லில் செதுக்கிய பெயர்வரிசைப் பாடல் என்றார். நாளுக்கு இரண்டு வீதம் 365 உட்கார்ந்தவை, 365 நின்றவை, மொத்தம் 730. மூலிகைச்செல்வி சொன்ன விடுபடாத பெயர்வரிசை இதுவே, பாப்பிரஸுக்குப் பதில் கல். ஆனால் 730 கருதுகோள். 730 சிலையையும் யாரும் எண்ணவில்லை. தீப்ஸின் மேற்குக் கரையில் கோம் எல் ஹெத்தானில், அதாவது மெம்னோன் பெருஞ்சிலைகளுக்குப் பின்னால், ஹூரிக் சூரூசியன் குழு 1998 முதல் 250க்கு மேல் எடுத்திருக்கிறது. மூத் கோயிலில் இன்னொரு பெருந்தொகுதி. அங்கே 1895இல் தோண்டத் தொடங்கியவர் மார்கரெட் பென்சன், எகிப்தில் தன் பெயரில் அகழாய்வு அனுமதி பெற்ற முதல் பெண். தூரின் அருங்காட்சியகத்தில் மட்டும் 21.

பஞ்சாங்கன் | பதிவு 13

அரசனுக்கு உடம்பு சரியில்லை, அதனால் செய்தான் என்பதை ஏற்கிறீர்களா? மிட்டானி அரசன் துஷ்ரத்தா நினிவேயின் இஷ்தார் சிலையை இவனுக்கு அனுப்பிவைத்ததாக, அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களில் 23ஆவது சொல்கிறதே. ஆட்சியின் 36ஆம் ஆண்டு.

கருங்கல்தச்சன் | பதிவு 14

கடிதம் இருக்கிறது, ஆனால் "நோய் தீர்க்க" என்று அதில் இல்லை. அந்தப் பொருளை நாம் ஏற்றுகிறோம். கொள்ளைநோய் வந்தது என்பதற்கும் இவன் ஆட்சியில் நேரடிப் பதிவு இல்லை. எனக்குச் சரியாகப் படுவது 30ஆம் ஆண்டு விழா. அரசனின் ஆற்றலைப் புதுப்பிக்கும் ஹெப் செத். ஆண்டின் ஒவ்வொரு நாளும் அரசனுக்கு இரண்டு முகக் காவல், அதுவும் அவன் தெய்வமாகும் கோயிலில். இத்தனை நூறு கடினக் கல் சிலைகளை வெட்டி, நைலில் ஏற்றி 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் வேண்டும். திடீர் நோய்க்கு எடுத்த அவசர நடவடிக்கையாக அது தெரியவில்லை.

கல்வெட்டு_மங்கை | பதிவு 15

அடையாளம் காண்பதில் ஒரு எச்சரிக்கை. பெண்சிங்கத் தலை இருந்தாலே செக்மெத் இல்லை. எஸ்னாவில் மென்ஹித், நூபியப் பக்கம் தெஃப்னுத், பிற்காலம் வரை பல இடங்களில் பாஸ்தெத்தும் சிங்கத்தலைதான். பிற்காலத்துச் சிறு வெண்கலச் சிலைகளில் அரியணையில் அமர்ந்த சிங்கத்தலைப் பெண் பெரும்பாலும் வஜெத். உள்ளே கீரியின் எச்சம் வைத்தவையும் உண்டு. விற்பனைப் பட்டியல்கள் எல்லாவற்றையும் செக்மெத் என்றே போடுகின்றன. பெயர் பொறித்திருந்தால் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "பெண்சிங்கத் தெய்வம்" என்று நிறுத்துவதே நேர்மை.

மெம்பிஸில் செக்மெத் படைப்புத் தெய்வமான ப்தாவின் துணைவி, நெஃபெர்தெம் மகன். கர்னாக்கின் வடக்கே ப்தாவின் சிறு கோயிலில் நின்ற கோலச் சிலை ஒன்று இன்றும் அறைக்குள்ளேயே நிற்கிறது, கூரைத் துளை வழியாக மட்டும் வெளிச்சம்.

நெய்தல்வாசன் | பதிவு 16

சாதாரண மக்கள்? எல்லாம் அரசனுக்கும் பூசகருக்குமாகவே இருக்கிறதே.

மூலிகைச்செல்வி | பதிவு 17

இரண்டு சான்று சொல்கிறேன். அபுசீரில் ஐந்தாம் அரசமரபின் சாஹுரே மன்னனின் பிரமிடுக் கோயில். அவன் இறந்து ஆயிரம் ஆண்டு கழித்து, பதினெட்டாம் அரசமரபுக் காலத்தில், பாழடைந்த அந்தக் கோயிலின் சுவரிலிருந்த பழைய சிங்கத்தலைப் புடைப்புச் சிற்பத்தை மக்கள் கும்பிடத் தொடங்கினார்கள். "சாஹுரேயின் செக்மெத்" என்றே அவளுக்குப் பெயர். சிறு நேர்ச்சைக் கற்களை நட்டுவைத்தார்கள். அரசன் ஆணையில் தொடங்கிய வழிபாடல்ல, அவன் கட்டிய கருவறையும் அல்ல. கிரேக்க ஆட்சிக் காலம் வரை ஓடியது.

அடுத்தது புத்தாண்டுக் குடுவை. கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டு, இருபத்தாறாம் அரசமரபு. பச்சை நீல ஃபையன்ஸில் (மெருகு பூசிச் சுட்ட பீங்கான் போன்ற பொருள்) தட்டை வட்ட வடிவம், கழுத்து பாப்பிரஸ் பூப்போல, இருபுறமும் சிறு குரங்குகள் கைப்பிடியாக. தோள்பட்டையில் "செக்மெத் நல்ல ஆண்டைத் திறந்துவைக்கட்டும்" என்ற வகை வாசகம், சிலவற்றில் ப்தா, நெஃபெர்தெம் பெயரும். வெள்ளத்தின் புதுநீரையோ வாசனை எண்ணெயையோ நிரப்பிப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று கருதுகிறார்கள். கொள்ளைநோயை அனுப்புகிறவளிடமே நல்ல ஆண்டைக் கேட்டு அவள் பெயரைக் குடுவையில் பொறித்து, வேண்டியவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கருவறைவாயில் | பதிவு 18

குடுவைகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் வாய் அகலத்தைக் கவனியுங்கள், மிகக் குறுகல். தினமும் ஊற்றிப் புழங்கும் பாத்திரமல்ல, சில துளி எடுக்கவே ஏற்றது. மூத் சடங்குப் பாப்பிரஸின் பகுதிவரிசையைத் தனி இழையாகப் போடுகிறேன், அமூன் நூலோடு எங்கெங்கே மாறுகிறது என்று பகுதி பகுதியாகப் பார்ப்போம்.